கோட் போட்டுக்கொண்டு வந்த சம்பந்தி

போன வாரம், இத்தாலியில் நாங்கள் இருக்கிற ஊரின் போர்கோ வெக்கியோச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். சக்கரம் வைத்த பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்த ஓர் இளம் சோடி என் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டி வழி கேட்டது. இருவருக்கும் வெயிலில் மூக்கு நுனி சிவந்திருந்தது. திரையில் ஓர் அறையின் படம். வெள்ளைச் சுவர், மீன் வரைந்த ஓடுகள், மூலையில் ஒரு பிரம்புக் கதிரை. வழி சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பிரம்புக் கதிரை இருக்கிற மூலையில்தான் எங்கள் பிரிஜ் நின்றது. அது நாங்கள் இருந்த வீடு, இப்போது சுற்றுலாக்காரருக்கு நாள்வாடகைக்கு விடுகிறார்கள்.

கூட்டிக்கொண்டு போய் விட்டேன். கதவில் இலக்கம் அழுத்துகிற ஒரு சின்னப் பெட்டி. அழுத்தினார்கள், திறந்தது, உள்ளேயிருந்து லவெண்டர் வாசம் வந்தது. இது என் வீடு என்று நான் சொல்லவில்லை. சொன்னால் உள்ளே கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் அழுவேன், பிறகு எப்போது போய்க் குழம்பு வைப்பது?

எங்கள் காலத்தில் அந்தக் கதவைத் திறந்தால் முதலில் வரேக்கினா மணம் முகத்தில் அடிக்கும். தரை கழுவும் வெளுப்பு நீருக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். அம்மா விடியற்காலையில் போய் மாடிக் கட்டடங்களின் படிகளைக் கழுவிவிட்டு வந்து, அலுக்காமல் எங்கள் இரண்டு அறைகளையும் அதே வரேக்கினாவால் கழுவுவார். அதன் மேல் சாம்பிராணி. மாதத்தில் ஒருநாள் தூளுக்கு மிளகாய் வறுக்கும் நெடி. முதல் தடவை அம்மா மிளகாய் வறுத்த அன்று தெருவே இருமியது. எதிர்வீட்டு அம்மா, சின்யோரா நீனா, மூக்கைத் துவாயால் பொத்திக்கொண்டு ஓடிவந்து, எங்களைச் சாகடிக்கப் போகிறீர்களா என்று கத்தினார். இரண்டு வருடம் போனபின் அதே நீனா ஒரு சின்னப் போத்தலைக் கொண்டுவந்து, அந்தத் தூளில் கொஞ்சம் தா, பாஸ்தாவுக்கு நன்றாக இருக்கிறது என்று கேட்டார். நீனா தன் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். எங்கள் தெருவில் யாருடைய முகம் எப்போது வாடியது என்பது அவருக்குத் தெரியாமல் இருந்ததில்லை.

என் முகம் வாடியதும் அவருக்குத்தான் முதலில் தெரிந்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்குப் பத்தொன்பது வயது. பள்ளிக்கூடம் முடிந்த கோடை. மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தில் கண்ணாடிக் கோப்பைகள் துடைக்கிற வேலை. துடைத்ததைவிட உடைத்தது கூட என்று முதலாளி சொல்வார். அது பொய், பாதிக்குப் பாதி. பக்கத்தில் குளிப்புக்கு வருகிறவர்களுக்குக் குடையும் கதிரையும் வாடகைக்கு விடும் இடம். அங்கே ஒருவன் தோளில் குடைகளைச் சுமந்துகொண்டு மணலில் போவதும் வருவதுமாக இருந்தான். நிறம் எங்கள் நிறம், நடை எங்கள் நடை இல்லை. "மூரூ, மூரூ!" என்று அவனைக் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் தண்ணீர் கேட்டு வந்தான். சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "முருகேசன், தமிழோ?" என்று கேட்டேன். அவன் விழித்தான். அவன் மொரீசியசிலிருந்து வந்த தமிழன். அவனுடைய பூட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய குடும்பம். வீட்டில் அந்தத் தீவின் கிரெயோல் பாஷை, வெளியில் இத்தாலியன். தமிழில் ஒரு வசனம்கூடத் தெரியாது. அவனோடு நான் கதைத்ததெல்லாம் இத்தாலியனில்தான். இங்கே எங்கள் பேச்சில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"முருகேசென்," என்றான்.

"சென் இல்லை, சன்."

"என்ர பேர் எனக்குத் தெரியாதோ?"

அதுதான் தொடக்கம். சண்டையில் தொடங்கியது என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். பாவம், அவன் சண்டை பிடிக்கவில்லை, நான்தான் பிடித்தேன். அவன் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவன். தேவாரம் பாடுவான், எல்லாம் ரோமன் எழுத்தில் எழுதி வைத்து. ஒருநாள் உணவகத்தின் பின்படியில் இருந்து மெதுவாகப் பாடிக் காட்டிவிட்டு, "அடியேன் எண்டால் என்ன?" என்று கேட்டான்.

"நான் எண்டு அர்த்தம். பணிவாச் சொல்லுற நான்."

"நான் அது சாமியின்ர இன்னொரு பேர் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்," என்றான். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நிமிடத்தில்தான் எனக்கு என்னவோ ஆயிற்று. இன்றைக்கும் கோயிலில் யாராவது அந்தச் சொல்லைப் பாடினால் என் காது சூடாகும்.

ஆனால் அந்தக் கோடை முழுவதும் பயம்தான் நினைவில் இருக்கிறது. மொண்டெல்லோ பஸ்ஸில் பாதிப் பேர் பணக்கார வீடுகளில் வேலை முடித்துத் திரும்பும் எங்கள் பெண்கள். ஒவ்வொருவரும் அம்மாவைத் தெரிந்தவர். அவன் முன்கதவால் ஏறுவான், நான் பின்கதவால். இடையில் பத்துச் சோடிக் கண்கள். நான் யன்னலைப் பார்த்தபடி வருவேன். ஆனால் அவன் எந்தத் தரிப்பில் எந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான் என்று கேட்டால் இப்போதும் சொல்வேன்.

பஸ்ஸில் பிடிபடவில்லை. பிடிபட்டது ஒரு பிரியோஷால். வட்டமான இனிப்புப் பாணை நடுவில் வெட்டி உள்ளே ஐஸ்கிறீம் வைத்துத் தருவார்கள். இந்த ஊரின் மத்தியானச் சாப்பாடு அதுதான். ஓகஸ்டில் ஒரு நாள், நாங்கள் இரண்டு பேரும் கடற்கரைச் சுவரில் இருந்து ஒரே பிரியோஷைத் தின்றுகொண்டிருந்தோம். அவன் ஒரு கடி, நான் ஒரு கடி.

என் அப்பா அப்போது போலித்தியாமா அரங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு வயதான சின்யோராவின் வீட்டில் வேலை. சமைப்பார், மருந்து கொடுப்பார், சக்கர நாற்காலியில் வைத்து வெளியே கூட்டிப்போவார். அன்றைக்குச் சின்யோராவுக்குக் கடல் பார்க்க ஆசை வந்துவிட்டது. மகன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? சின்யோராவுக்குக் காது மந்தம். காது மந்தமானவர்கள் எல்லோருக்கும் கேட்கப் பேசுவார்கள்.

"அங்கை பார், அது உன்ர மகள் இல்லையோ?"

திரும்பினேன். பத்தடி தூரத்தில் அப்பா. கையில் நாற்காலியின் பிடி. அவருடைய கண் என் முகத்திலும், பிறகு அவன் கையில் இருந்த பிரியோஷிலும் பட்டது.

"இல்லை, சின்யோரா," என்றார் அப்பா.

நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனார். வெள்ளைச் சட்டையின் முதுகு வியர்வையில் ஒட்டியிருந்தது. அடித்திருந்தால் மறந்திருப்பேன். அந்த "இல்லை" எனக்குள் எங்கேயோ போய்க் குத்திக்கொண்டது.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைய என் கால் கூசியது. ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அப்பா சாப்பிட்டார், செய்தி பார்த்தார், படுத்தார். அடுத்த நாளும் அப்படியே. என்னோடு மட்டும் கதைக்கவில்லை. நான் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்தாலும், "இஞ்சேர், உப்பை எடு," என்று அடுப்படியில் நிற்கிற அம்மாவைக் கேட்பார். இரண்டு அறை வீட்டில் ஒருவர் இன்னொருவரைப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று நினைத்துப் பாருங்கள். அப்பா அதைப் பிழையில்லாமல் செய்தார். "பிள்ளை" என்றுதான் என்னைக் கூப்பிடுவார். அந்தச் சொல் வீட்டிலிருந்து போய்விட்டது. என் தங்கச்சியைக் கூப்பிடும்போது நான் தவறுதலாக நிமிர்வேன்.

அம்மா அழுதுகொண்டே ஒருநாள் செய்தியைச் சொன்னார். "பேர்ண் மாமி மாப்பிள்ளையோட வாறா. ஞாயிற்றுக்கிழமை. அப்பா ஓம் எண்டிட்டார்." பேர்ண் மாமி என்றால் சுவிசில் இருக்கிற அப்பாவின் ஒரே அக்கா. அப்பாவை இத்தாலிக்கு எடுப்பித்தது அவர்தான். அவருடைய சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுசொல் இருந்ததில்லை.

இந்த ஊரில் எங்கள் ஆட்களுக்குத் துக்கம் வந்தால் பெல்லெகிரினோ மலையில் இருக்கும் சாந்தா ரொசாலியா என்னும் புனிதையிடம் போவார்கள். சைவமா கிறிஸ்தவமா என்று யாரும் பார்ப்பதில்லை. அம்மா வெறுங்காலோடு மலை ஏறி, என் மனம் மாறவேண்டும் என்று மெழுகுதிரி கொளுத்தினார். துணைக்குப் போன நானும் பக்கத்தில் ஒன்று கொளுத்தினேன், அப்பாவின் மனம் மாறவேண்டும் என்று. இரண்டு திரியும் பக்கத்தில் பக்கத்தில் எரிந்தன. இறங்கும்போது அம்மா, "நீ என்ன கேட்டனி?" என்றார். "நீங்கள் கேட்டதைத்தான்," என்றேன்.

முருகேசெனிடம் சொன்னேன். ஓடிப்போவோமா என்று கேட்பான் என்று நான் எதிர்பார்த்தேன். அந்த வயதில் அப்படித்தான் நினைப்பு ஓடும். அவன், "எங்கட அப்பா வந்து கதைப்பார்," என்றான். எனக்குக் கோபம் வந்தது. என்ன பாஷையில் கதைப்பார்?

சனிக்கிழமை பின்னேரம் அவனுடைய அப்பா வந்தார். அன்று அனல்காற்று. ஆபிரிக்காவிலிருந்து கடல் கடந்து வருகிற காற்று, நாய்கூட நிழலை விட்டு எழும்பாது. அந்த வெக்கையில் அவர் கறுப்புக் கோட் போட்டு, கழுத்துவரை பொத்தான் பூட்டி, கையில் துணியால் மூடிய தட்டோடு எங்கள் தெருவில் நடந்து வந்தார். ஒல்லியான மனிதர். ஒரு பெரிய கட்டடத்தில் வாசல்காவல் வேலை. மகனைக் கூட்டிவரவில்லை. சின்யோரா நீனா தன் கதிரையை எங்கள் வாசல் பக்கமாகத் திருப்பிப் போட்டார்.

"இருங்கோ," என்றார் அப்பா. அவர் நின்றார். அப்பா கதிரையைக் காட்டினார். இருந்தார்.

"எந்த ஊர்?"

இது எங்கள் ஆட்களின் முதல் கேள்வி. ஊரைச் சொன்னால் மற்றதெல்லாம் தெரிந்துவிடும். அவர் என்னைப் பார்த்தார். நான் இத்தாலியனில் சொன்னேன். "மொரீசியஸ்," என்றார்.

"அது இல்லை. அதுக்கு முதல்."

"தெரியாது. கப்பல் ஏறினவைக்குத்தான் தெரியும். அவை சொல்லேல்லை."

அப்பா என் பக்கம் திரும்பினார். அத்தனை நாளுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வசனம் அதுதான். "அந்தாளுக்குச் சொல்லு. பேரைத் தவிர உங்களிட்டைத் தமிழ் எண்டு என்ன கிடக்கு? ஊர் தெரியாது, பாஷை தெரியாது. என்ர பிள்ளையை அப்பிடி ஒரு இடத்தில குடுக்க மாட்டன்."

"அப்பாவுக்கு இது கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது," என்று இத்தாலியனில் சொன்னேன்.

"அதுவோ நான் சொன்னது?" அப்பா கதிரையில் அடித்தார். "எனக்கு இத்தாலியன் விளங்காதெண்டு நினைச்சியோ? சொன்னதைச் சொல்லு."

சொன்னேன். என் அப்பாவின் சொல்லை என் வாயால், ஒரு எழுத்தும் விடாமல். நான் விரும்பியவனின் தகப்பன் என் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய நெற்றியிலிருந்து வியர்வை கோட்டில் சொட்டியது. கோட்டைக் கழற்றவில்லை. துடைக்கவும் இல்லை.

பிறகு மெதுவாகச் சொன்னார். "எங்கட ஆக்களும் பாஷையோடதான் கப்பல் ஏறினவை. ஒருத்தரும் எறியேல்லை. பிள்ளையளுக்குப் பிள்ளையள் பிறக்கப் பிறக்கக் கொஞ்சம் கொஞ்சமாப் போயிட்டுது. உங்கட வீட்டில எவ்வளவு காலம் நிக்கும் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

நான் அதை மொழிபெயர்க்க வாய் திறந்தேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். விளங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து என் தங்கச்சி தெருவில் விளையாடிய வியர்வையோடு ஓடிவந்து, "அம்மா, ஆக்குவா தா, ஹோ ஸேத்தே!" என்று தண்ணீர் கேட்டாள். ஐந்து சொல்லில் இரண்டுதான் தமிழ். அம்மா தண்ணீர் வார்த்துக் கொடுத்தார்.

"நாளைக்கு ஆக்கள் வருகினம். போகச் சொல்லு," என்றார் அப்பா.

அவர் எழுந்தார். அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார், அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார், எனக்கும் கும்பிட்டார். தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் போனபின் அம்மா துணியை விலக்கிப் பார்த்தார். பருப்பு அரைத்துப் பொரித்த சின்ன உருண்டைகள். ஒன்றைப் பிட்டு வாயில் போட்டார். "இது எங்கட வடை," என்று தனக்குள் சொன்னார். "பெருஞ்சீரகம் போடேல்லை."

ஞாயிறு காலையில் நான் சேலை உடுத்திக்கொண்டு அறைக்குள் இருந்தேன். மாமி வந்தார், மாப்பிள்ளை வந்தார், சுவிஸ் சொக்கிளேற் பெட்டிகள் வந்தன. அந்தப் பையனைப் பற்றிக் குறைசொல்ல எனக்கு இன்றுவரை ஒன்றுமில்லை. நான் தேத்தண்ணீரை நீட்டியபோது, எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினான். மாமி திகதி கதைக்கத் தொடங்கினார். தை மாதம், பேர்ணில் மண்டபம், தாலிக்கொடி அவர்கள் பொறுப்பு. ஒவ்வொரு சொல்லும் எனக்குப் பின்னால் ஒரு கதவைச் சாத்திக்கொண்டு போனது.

"தம்பி, அப்ப சரிதானே?" என்றார் மாமி.

அப்பா மாமியைப் பார்க்கவில்லை. "பிள்ளை," என்று கூப்பிட்டார்.

நான் நிமிரவில்லை. தங்கச்சியைத்தான் என்று நினைத்தேன்.

"பிள்ளை, உன்னைத்தான். உனக்கு இதில சம்மதமோ?"

எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருவரிடமும் கேட்காத கேள்வி. அம்மா சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக் கடித்தார்.

"இல்லை, அப்பா."

அப்பா தலையாட்டினார். "அக்கா, அவளுக்குச் சம்மதம் இல்லையாம். குறை நினையாதை."

மாமி எழும்பினார். அன்றைக்கு அவர் சொன்னதை இங்கே எழுதமாட்டேன், அவர் இறந்துவிட்டார். வாசலில் நின்று, "இனி உனக்கு ஒரு அக்கா இல்லை," என்று சொன்னதை மட்டும் தெருவே கேட்டது. சொன்னபடியே இருந்தார். அப்பா பெருநாளுக்குப் பெருநாள் ரெலிபோன் எடுப்பார். அந்தப் பக்கம் வைத்துவிடுவார்கள். அப்பா கொஞ்ச நேரம் கையில் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டுத்தான் தானும் வைப்பார்.

அப்பா ஏன் மாறினார் என்று நான் அவரிடம் கேட்டதில்லை. அம்மாதான் பிறகு சொன்னார். சனிக்கிழமை அப்பா சாப்பிடவில்லையாம். படுக்கையில் திரும்பித் திரும்பிப் படுத்துவிட்டு, "இந்த வெக்கைக்குள்ள அந்தாள் கோட் போட்டுக்கொண்டு வந்தது. நான் ஏசினதை முழுக்கக் கேட்டுக்கொண்டு இருந்தது. ஒரு பொத்தானைக்கூடக் கழட்டேல்லை. என்ர பிள்ளையின்ர வீடெண்டு அவ்வளவு மரியாதை," என்றாராம்.

கலியாணம் உடனே நடந்துவிடவில்லை. அப்பா மறுக்கவில்லை என்பதற்காக ஒப்புக்கொண்டார் என்று அர்த்தமில்லை. இரண்டு வருடம் இழுத்தார். அந்த இரண்டு வருடமும் முருகேசென் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எங்கள் வாசலில் நின்று "வணக்கம்" சொல்லிவிட்டுப் போவான். அப்பா தலையாட்டுவார், அவ்வளவுதான். அவன் போனதும் நீனா என்னிடம் கண்ணைச் சிமிட்டுவார். பிறகு ஒரு ஞாயிறு, "உள்ளுக்கு வரச் சொல்லு, வெய்யில்," என்றார் அப்பா.

நான் எதிர்பாராதது சம்பந்திகள் இருவருக்கும் இடையில் நடந்ததுதான். கலியாணத்துக்குப் பிறகு மாலையில் கடற்கரைப் புல்வெளியில் போய் இருந்து கதைக்கத் தொடங்கினார்கள். என்ன பாஷையில் என்று கேட்கிறீர்களா? இருவருமே சின்யோராக்களுக்கு வேலை செய்து செய்தே இத்தாலியன் கற்றவர்கள். வினைச்சொல்லுக்குக் காலமும் கிடையாது, ஆளும் கிடையாது. அதற்குள் இவர் தமிழைப் போடுவார், அவர் கிரெயோலைப் போடுவார். "நேற்று யோ மார்க்கெற் போறன், மீன் தோப்போ விலை," என்பார் அப்பா. "வி, வி, தோப்போ," என்பார் அவர். யோ என்றால் நான், தோப்போ என்றால் மிச்சம் கூட, வி என்றால் ஓம். மற்றவர்கள் யாருக்கும் பாதிதான் விளங்கும். அவர்களுக்கு முழுவதும் விளங்கும். வுச்சீரியாச் சந்தையில் மீன் வாங்குவதிலிருந்து முழங்கால் நோவு வரை எல்லாவற்றையும் அந்தப் பாஷையில் கதைத்துச் சிரித்தார்கள். பிரியும்போது அப்பா "வாறன்" என்பார். போகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதை மாமனார் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த தமிழ்ப் பேச்சு அந்த ஒரு சொல்தான். யாரை விட்டுப் போனாலும், கறிக்கடைக்காரனிடம்கூட, "வாறன்" என்பார்.

வேலை ஓய்ந்தபின் அவர் மொரீசியசுக்குப் போனார். கொஞ்சக் காலம் இருந்துவிட்டு வரலாம் என்று. விமான நிலையத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு "வாறன்" என்றார். "ஓம், வாங்கோ," என்றார் அப்பா. அங்கேயே ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனார்.

எங்கள் ஆட்களில் பலர் லண்டனுக்கும் பாரிசுக்கும் போய்விட்டார்கள். நீனா இல்லை. அம்மா இல்லை. அப்பா எங்களோடு இருக்கிறார். என் பிள்ளைகளுக்கு அப்பாவின் இத்தாலியன் பகிடி. "அப்படிச் சொல்றேல்லை, தாத்தா," என்று ஒவ்வொரு வசனத்தையும் திருத்துவார்கள். அவரும் பொறுமையாகத் திருப்பிச் சொல்வார். திருத்தித் திருத்தி இப்போது அவருடைய இத்தாலியன் நன்றாக வந்துவிட்டது. காலமும் ஆளும் பிழைப்பதில்லை. ஆனால் மாலையில், சம்பந்தியோடு இருந்து கதைத்த அந்தக் கடற்கரைப் புல்வெளிக்குக் கூட்டிப்போனால், என் பக்கத்தில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாரே தவிர, ஒன்றும் கதைப்பதில்லை.